பள்ளத்துப் பக்கத்து இருக்கை

மதினி,

இன்று காலை உங்கள் மருமகன், என் மகன்தான், தன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினான். திரையில் ஒரு விமானத்தின் வயிறு திறந்து கிடந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கைகள். டெல்லிக்கு என்னைக் கூட்டிப்போகிறானாம். "எந்த சீட்டு வேணும்மா? ஜன்னலா, நடுவா?" என்று கேட்டான். வேண்டாம், நான் வரவில்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். விரல் அதற்குள் இடதுபக்கம், றெக்கைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. பழைய பயம் திரும்பி வந்தது. நீங்கள் போய் இத்தனை வருடம் கழித்து உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஆண்டிபட்டிப் பக்கத்துச் சமவெளியிலிருந்து உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு போடிக்கு வந்தேன். மலையைத் தூரத்தில் நீலமாகப் பார்த்திருந்தேனே தவிர, அதன்மேல் ஏறுவார்கள் என்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். உங்களுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் மலையில் ஜீப் விபத்தில் தவறிப்போனார் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. விதவையான பிறகும் தோட்டத்தை விற்காமல், வாரம் தவறாமல் மேலே போய் வந்துகொண்டிருந்தீர்கள்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை, தோட்டத்தைப் பார்க்கலாம் வா என்று என்னையும் பஸ்ஸில் ஏற்றினீர்கள். முந்தல் தாண்டி ரோடு மேலே ஏற ஆரம்பித்ததும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் நின்று, பின்னால் உருண்டு, மறுபடி முக்கி ஏறும். அந்த உருளலில் என் உயிர் பாதி போய்விடும். நீங்கள் ஜன்னல் ஓரம். முந்தானையைக் காற்றுக்கு விட்டுவிட்டு வெளியே பார்த்தபடி இருந்தீர்கள்.

"ஏத்தா சரோசா, அந்தா பாரு, நம்ம ஊரு தெரியுது. கொட்டகுடி ஆறு வெள்ளிக் கம்பியாட்டம் கெடக்கு."

"வேணாம் மதினி. நான் கண்ணைத் தொறந்தா கீழ விழுந்துருவேன்."

"நீ கண்ணைத் தொறந்தா பஸ்சு ஏன் விழுகுது?"

மெட்டுக்குப் போவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். நீங்கள்தான் முகத்தைத் துடைத்துவிட்டீர்கள். ஒன்று இப்போது ஞாபகம் வருகிறது. துடைக்கும்போதும் உங்கள் பார்வை என்மேல் இல்லை. ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

எந்த வண்டியானாலும் உங்களுக்குப் பள்ளத்துப் பக்கத்து இடம்தான் வேண்டும். அந்த ரோட்டில் ஒரு வளைவுக்குப் பள்ளம் இடப்பக்கம் இருக்கும், அடுத்த வளைவுக்கு வலப்பக்கம் மாறும். ஏறும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அதிக நேரம் கீழே பார்க்கலாம், இறங்கும்போது எந்தப் பக்கம், எந்த நேரத்தில் வெயில் கண்ணில் அடிக்கும், எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்பில்கூட, முன்பக்க ஓரத்தை உங்களுக்கென்று விட்டுவைப்பார்கள். "அக்காவுக்கு வேடிக்கை பாக்காம உசிரு நிக்காது" என்று ஜீப்புக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலை என்றால் உங்களுக்கு ஆசை, எனக்குப் பயம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று.

எண்பத்திரண்டில், ஐப்பசி மாதம். உங்கள் தம்பி தோட்டத்துக்கு ஏலக்காய் உலர்த்தும் அடுப்புக்கான சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் தெருமுனைக் கமிஷன் கடைக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் கடைக்குத்தான் டிரங்க்கால் வந்திருந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் லாரி மோதி, உங்கள் தம்பியை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கால் நசுங்கி, ரத்தம் நிறையப் போயிருக்கிறது. காலையில் ஆபரேஷன். கையெழுத்துப் போட ஆள் வேண்டும், வெரசா வரச் சொல்லுங்கள் என்று பேசியவர் சொன்னாராம்.

நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அழவில்லை.

"மதுரைக்குப் போயி ரயிலப் பிடிக்க முடியுமாண்ணே?"

"இனிமே எங்க ஆத்தா. நாம போய்ச் சேரும்போது ரயில் திண்டுக்கல்லத் தாண்டியிருக்கும். காலையில பிளேன் இருக்கு. சீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன். என் மகன் கார எடுத்துட்டு வருவான்."

பிளேன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இன்னொரு பயம் வந்து முதல் பயத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. புருஷன் பிழைப்பாரா என்று தெரியவில்லை. அவரைப் பார்க்கப் போகிற நான் பிழைப்பேனா என்பதும் தெரியவில்லை. மஞ்சள் பையில் அவருக்கு ஒரு வேட்டியை மடித்து வைத்தேன். உடுத்தவா போர்த்தவா, எதற்காக வேட்டி எடுக்கிறேன் என்று நினைத்து அதை வெளியே எடுத்தேன். நீங்கள் பார்த்துவிட்டு, அதை மறுபடி மடித்து உள்ளே வைத்தீர்கள்.

விடிவதற்கு முன்பே கிளம்பி, வெயில் ஏறும்போது மதுரை விமான நிலையத்தில் இருந்தோம். அப்போதெல்லாம் அது பெரிய பஸ் ஸ்டாண்டு அளவுக்குக்கூட இருக்காது. கண்ணாடிக்கு அப்பால் விமானம் நின்றது. இரண்டு பக்கமும் விசிறி வைத்த சின்ன விமானம். நான் அதைப் பார்க்காமல் திரும்பி நின்றேன். நீங்கள் கண்ணாடியில் நெற்றி முட்ட அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேரே கவுண்டருக்குப் போனீர்கள்.

"தம்பி, இது எந்தத் தெசையப் பாத்துப் போகும்?"

கவுண்டரில் இருந்தவர் சிறு வயதுக்காரர். "வடக்கேம்மா."

"அப்ப மலை எடப்பக்கம் வரும். காலை வெயிலு வலப்பக்கம். எனக்கு எடப்பக்கம் ஜன்னல் குடுங்க."

அவர் ஓர் அட்டையிலிருந்து இருக்கை எண் போட்ட குட்டி ஒட்டுத்தாளைப் பிய்த்தார். "இந்தாங்க, இடப்பக்கம், ஜன்னல்."

"றெக்கை மறைக்குமா?"

"றெக்கைக்கு மேலதாம்மா வரும் இது."

"அப்ப வேணாம். பின்னாடி குடுங்க."

நமக்குப் பின்னால் பெட்டியோடு நின்ற பெரியவர் ஒருவர், பல தடவை பறந்தவர் போலிருந்தது, நல்லெண்ணத்தில் சொன்னார். "அம்மா, வால் பக்கம் ரொம்ப ஆடும். முதல் தடவைன்னா நடுவுல உக்காருங்க."

"ஆடட்டும்யா. வெளிய தெரியணும்" என்றீர்கள்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. அங்கே ஒரு மனிதன் கிழிந்து கிடக்கிறான். இங்கே நீங்கள் வெயில் எந்தப் பக்கம், றெக்கை மறைக்குமா என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை அதற்கு முன்னும் பின்னும் நான் வெறுத்ததில்லை. அந்த நிமிடம் வெறுத்தேன்.

உள்ளே ஏறியதும் ஒரு பெண் தட்டில் மிட்டாயும் பஞ்சும் நீட்டினாள். பஞ்சைக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் இரண்டையும் கையிலேயே இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். விசிறிகள் சுற்ற ஆரம்பித்தபோது இருக்கை, பல், எலும்பு எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. ஓடி, ஓடி, ஓர் இடத்தில் தரை இல்லாமல் போனது. கால் தானாக மேலே தூக்கிக்கொண்டது. பிறகு விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் தோள் உங்கள் தோளிலிருந்து விலகி நடைபாதைப் பக்கம் சரிந்தது. யாரோ கீழே தள்ளுவது போலிருந்தது.

"வானம் மட்டும் தெரியுது" என்று சொன்னீர்கள். என்னிடம் சொன்னது போல இல்லை.

கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தது. "அந்தா. வந்துருச்சு. சரோசா, நீலமா அடுக்கடுக்கா தெரியுது பாரு. அந்தக் கடைசி அடுக்குக்குக் கீழதான் நம்ம போடி இருக்கணும்."

அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலேயே கேட்டேன். "இந்த நேரத்துல உங்களுக்கு மலை வேணுமா மதினி? அங்க உங்க தம்பி உசிரோட இருக்காரா இல்லையான்னு தெரியல. நீங்க வேடிக்கை பாக்குறீங்க."

நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்களோ என்னவோ. அதற்குள் விமானம் மேகத்துக்குள் புகுந்துவிட்டது.

முதலில் ரோட்டுக் குழியில் இறங்கியது போல ஒரு குலுக்கல். அப்புறம் ஒரு பெரிய இறக்கம். முன்னால் யாரோ ஐயோ என்றார்கள். மேலே வைத்திருந்த கூடை ஒன்று விழுந்து ஆரஞ்சுப் பழங்கள் உருண்டன. அதிர்ச்சியில் கண்ணைத் திறந்துவிட்டேன். உங்கள் பக்கம் பார்த்தேன். ஜன்னல் முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் போல, எதுவுமே இல்லை. நீங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் கண்ணாடியில் ஊன்றி, அதைத் துடைக்கிறவர் போலத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"மதினி" என்றேன்.

"ஒண்ணும் தெரியலையே தாயி" என்றீர்கள். "எடம் இருக்கா இல்லையான்னு யாரு சொல்றது?"

எனக்குப் புரியவில்லை. கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. மறுபடி ஓர் இறக்கம். நீங்கள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல் பேசத் தொடங்கினீர்கள். விசிறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.

"அன்னைக்கு நானும் ஜீப்புலதான் இருந்தேன். எங்க வீட்டுக்காருதான் ஓட்டுனாரு. மழை. ரோட்டோரம் எங்க முடியுதுன்னே தெரியாது. எப்பவும் நான்தான் பள்ளத்துப் பக்கம் உக்காந்து சக்கரத்தப் பாத்துச் சொல்லுவேன். எடம் இருக்கு, எடம் இல்ல, கொஞ்சம் உள்ள வாங்கன்னு. அன்னைக்குக் காய் எடுத்து முடிச்ச அலுப்பு. கண்ணு அசந்துருச்சு. முழிச்சப்ப சாஞ்சுகிட்டு இருக்கு. நான் புதருல விழுந்தேன். அவரு போயிட்டாரு."

நான் அழுதுகொண்டிருந்தேன். பயத்தாலா, கேட்டதாலா என்று தெரியவில்லை.

"அதுலேருந்து வண்டி ஓடும்போது கண்ண மூடுனா சாயுற மாதிரி இருக்கு. தொறந்தே வச்சிருக்கேன். ஊரே வேடிக்கை பாக்குறேங்குது. சொல்லட்டும்னு விட்டேன்."

"அப்ப நீங்க மலைய ரசிக்கவே இல்லையா மதினி?"

கொஞ்சம் யோசித்தீர்கள். விமானம் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்விக்கு யோசித்தீர்கள். "முதல்ல இல்ல. பயந்துகிட்டுத்தான் பாத்தேன். வருசக்கணக்காப் பாத்தா என்ன செய்ய, அது அழகா இருந்து தொலைக்குது."

மேகம் எப்போது விலகியது என்று நினைவில்லை. வெள்ளை கிழிந்து, கீழே ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. நீங்கள் மூச்சு விட்டீர்கள். "எடம் இருக்கு" என்றீர்கள். நான் உங்கள் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். ஒரு கணம்தான். தலை சுற்றியது, மறுபடி மூடிக்கொண்டேன். ஆனாலும் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உங்கள் தம்பி உயிரோடு இருந்தார். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, "எதுல வந்தீங்க?" என்று கேட்டார். பிளேனில் என்றதும் அந்த வலியிலும் கண்ணை அகல விரித்தார். கையெழுத்து நான்தான் போட்டேன். வெளியே மர பெஞ்சில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ செத்தது. நீங்கள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணை எடுத்தால் உள்ளே ஏதாவது சாய்ந்துவிடும் என்பது போல. இப்போது எனக்கு அந்தப் பார்வையைப் படிக்கத் தெரிந்திருந்தது. உங்கள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.

அவருடைய காலை வெட்டாமல் காப்பாற்றிவிட்டார்கள். விந்தி நடப்பார், ஆனால் நடப்பார் என்றார்கள். அப்படித்தான் இன்றும் நடக்கிறார். ஊருக்கு ரயிலில் திரும்பினோம். விமானத்தில் பேசியதைப் பற்றி நீங்கள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் தம்பியிடம்கூட. மலைக்குப் போகும்போது மட்டும் உங்களுக்கு அந்த ஓரத்து இடம் கிடைக்கிறதா என்று நான் முதலில் ஏறிப் பார்ப்பேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். பயம் ஒரு துளியும் குறையவில்லை. நீங்கள் விழித்திருக்கிறீர்கள் என்ற தைரியத்தில் மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

எண்பத்தெட்டில், காய் எடுக்கிற சமயம், நாம் இருவரும் தோட்டத்தில் இருந்தோம். நடுப்பகலில் களத்தில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். வேர்வை ஊற்றியது. "ஒண்ணுமில்ல, சோலியப் பாருங்க" என்றீர்கள் கூடியவர்களிடம். அதைச் சொல்லவே மூச்சு வாங்கியது. பக்கத்துத் தோட்டத்து ஜீப் வந்தது. பின்பக்கம் சாக்கு விரித்து உங்களைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்தோம். ஓட்டியவர் எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பையன்களோடு வளர்ந்த தமிழர். "பேடிக்கண்ட சேச்சி, இப்பப் போயிரலாம்" என்றார். பயப்படாதீங்க அக்கா என்பதற்கு மலையில் அப்படித்தான் சொல்வார்கள்.

மெட்டு தாண்டி ரோடு கீழே இறங்கியதும் என் கண் வழக்கப்படி மூடப் பார்த்தது. அப்போது நீங்கள் தலையைத் தூக்க முயன்றீர்கள். ஜீப்பின் பலகை மறைத்தது. உங்களுக்கு மேலே தார்ப்பாய் மட்டும்தான்.

"எங்கத்தா வந்திருக்கோம்?" என்று கேட்டீர்கள்.

பின்பக்கம் முழுக்கத் திறந்திருந்தது. நாம் விட்டுவந்த ரோடு, அதன் விளிம்பு, விளிம்புக்குப் பிறகு ஒன்றுமில்லாத வெளி. உங்களைப் பார்த்தேன். உங்கள் கண் என் முகத்தில் நிலைகுத்தி இருந்தது. நிமிர்ந்து வெளியே பார்த்தேன், மதினி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்காத அந்த மலையை முழுக்கப் பார்த்தேன்.

"இப்பத்தான் மெட்டு தாண்டி மொத வளைவு திரும்புறோம். பனி இல்ல. வெயிலு நல்லா அடிக்குது. கீழ ஊரு தெரியுது மதினி. ஓட்டுக் கூரையெல்லாம் தெரியுது. பள்ளம் எடப்பக்கம். ஜீப்பு நல்லா உள்ள தள்ளித்தான் போகுது. இப்ப திரும்புது. இப்ப வலப்பக்கம் மாறிருச்சு. ஒரு பஸ்சு மேல வருது, நமக்காக நிக்கிறாங்க."

உங்கள் விரல் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வளைவு வரும்போது லேசாக அழுத்தியது; எதுவரை அழுத்தியது என்பதை நான் கவனிக்கவில்லை. நான் பேசிக்கொண்டே வந்தேன். பாறையில் தண்ணீர் வடிவதைச் சொன்னேன். குரங்குகள் உட்கார்ந்திருந்த கட்டைச் சுவரைச் சொன்னேன். கொட்டகுடி ஆறு தெரிந்ததும் அதைச் சொன்னேன். பயத்தில் எனக்குச் சொற்கள் குழறின, ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதோ நடந்துவிடும் என்று தோன்றியது. "முந்தல் வந்துருச்சு மதினி, சமதளம் வந்துருச்சு" என்று குனிந்து சொன்னபோது உங்கள் கண் திறந்துதான் இருந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டு ஓட்டியவர் இறங்கி வந்து பார்த்து, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

உங்கள் தோட்டத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாரம் ஒருதடவையாவது அந்த ரோட்டில் போய் வருகிறேன். பள்ளத்துப் பக்கம்தான் உட்காருகிறேன். பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். கண்ணை மட்டும் மூடுவதில்லை. இறங்கும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று, வாய்க்குள்ளேயே ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். எந்த வளைவோடு நீங்கள் கேட்பது நின்றுபோனது என்று எனக்குத் தெரியாது மதினி. அதனால் ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

சரோசா